கடல்முனையில் ஆலாக்கள்: படம் ஏன் மங்குகிறது?

கேள்வி:
400 மி.மீ. லென்ஸ், ஷட்டர் வேகம் 1/2000 நொடி. ஆனாலும் பாறைமுனையிலிருந்து எடுத்தால் ஆலா என்ற கடற்பறவையின் இறகு நுனி தெளிவாக வருவதில்லை. வெயில் ஏறினால் இன்னும் மோசம். ஃபோகஸ் கோளாறா?

பதில் 1:
கானல்தாங்க அது. பாறை சூடேறினால் மேலே காற்று நெளியும். ஷட்டரைக் கூட்டிப் பயனில்லை. விடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில் எடுங்கள், பறவை கிட்டே வரும்வரை பொறுங்கள். ஆலா காற்றை எதிர்த்துத்தான் அந்தரத்தில் நிற்கும். காற்றும் வெயிலும் உங்கள் முதுகில் பட்டால் பறவையின் முகம் கிடைக்கும்.

பதில் 2:
கருமையான கடல்நீர் பின்னணியில் வெள்ளை உடல் வெளிறும். எக்ஸ்போஷரை (கேமரா ஏற்கும் ஒளியளவை) -⅔ வையுங்கள். வானம் பின்னணி என்றால் நேர்மாறு, +1.

பதில் 3:
லென்ஸ் கண்ணாடியில் உப்புத் திவலை இருக்கிறதா பாருங்கள். உலர்துணியால் தேய்த்தால் அதன் மேல்பூச்சு (கோட்டிங்) கீறும். ஊதிவிட்டு, ஈரத்துணியால் ஒற்றுங்கள்.