மீட்டரில் 80, ஸ்பீடு கன்னில் 86: தப்பு எங்கே?

மெதுவண்டி கேட்டது:

நேற்று முதல்முறையாக வேகத்துக்காக மாட்டினேன். அந்தச் சாலையில் வரம்பு 80. எனக்கு வேகமாக ஓட்டும் பழக்கமே கிடையாது, முள் 80ஐத் தொட்டால் காலை எடுத்துவிடுவேன். நேற்றும் முள் சரியாக 80இல்தான் இருந்தது. சாலையோரம் நின்ற போலீஸ்காரர் கையில் பிடிக்கும் ஸ்பீடு கன்னை வைத்திருந்தார். நிறுத்தி, திரையைக் காட்டினார். 86.

அந்த நேரத்தில் ஒரு பெரிய பேருந்து என்னை முந்திக்கொண்டு போனது. அதன் வேகத்தை என் தலையில் கட்டிவிட்டார்களோ என்று சந்தேகம். அவர் சாலைக்கு நேராக நிற்காமல் ஓரமாக நின்றதால் கோணத்தில் கணக்கு பிசகியிருக்குமா? மறுப்புத் தெரிவிக்கலாமா, பேசாமல் கட்டிவிடவா?

பழையலாரி:

கட்டாதீங்க நண்பரே. 1979இல் அமெரிக்காவின் மயாமியில் தொலைக்காட்சிக்காரர்கள் ரேடார் கன்னால் ஒரு மரத்தை அளந்து காட்டினார்கள். மரம் மணிக்கு 86 மைல் வேகத்தில் ஓடியது! ஒரு வீடு 28 மைலில் போனது. அப்புறம் நீதிமன்றம் அந்த ரேடார் வழக்குகளை ஏற்கவில்லை. உங்களுக்கும் அதே 86 வந்திருப்பதுதான் வேடிக்கை.

அளவுகோல்:

மரக்கதை உண்மைதான், ஆனால் அது அந்தக் காலத்து ரேடார். மெதுவண்டி, முதலில் ஒன்று சொல்லுங்கள். அவர் கருவியைத் துப்பாக்கி போல முன்னால் நீட்டியிருந்தாரா, கண்ணருகே வைத்துப் பார்த்தாரா? திரையில் 86 மட்டும்தான் இருந்ததா?

மெதுவண்டி:

இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணருகே வைத்திருந்தார், படம் எடுப்பவர் மாதிரி. திரையில் 86க்குக் கீழே சின்னதாக 164 என்று இன்னொரு எண் இருந்தது. என்னவென்று கேட்கவில்லை.

அளவுகோல்:

அந்த 164 தான் விடை. உங்கள் வண்டிக்கும் கருவிக்கும் இடையில் இருந்த தூரம், மீட்டரில். தூரத்தையும் சேர்த்துக் காட்டினால் அது லேசர் கன், அதாவது லிடார். சாதாரணக் கை ரேடார் தூரம் சொல்லாது.

ரேடார் கன் ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கும். டாப்ளர் விளைவு. 24.15 கிகாஹெர்ட்ஸ் கருவியில் 100 கி.மீ. வேகத்துக்கு மாற்றம் சுமார் 4,470 ஹெர்ட்ஸ். அது காதுக்குக் கேட்கும் அதிர்வெண் என்பதால் பல கருவிகளில் ஒலியாகவே வரும், வண்டி வேகமாக வந்தால் விசில் உயரும். அதன் குறை அலை விரிவது. 12 டிகிரி விரிந்தால் 164 மீட்டரில் கிட்டத்தட்ட 34 மீட்டர் அகலம். சாலை முழுக்க அதற்குள் அடங்கிவிடும். பக்கத்தில் பேருந்து போனால் அதன் எதிரொலிதான் பலமாக வரும். ரேடாராக இருந்திருந்தால் உங்கள் பேருந்து வாதத்துக்கு உயிர் உண்டு.

லிடார் வேறு ரகம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித் துடிப்புகளை நொடிக்கு நூற்றுக்கணக்கில் அனுப்பி, போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும். 164 மீட்டர் போய்வர ஒரு மைக்ரோநொடிக்குச் சற்று மேல். தூரம் எப்படிக் குறைந்துகொண்டே வருகிறது என்று பார்த்து, அரை நொடிக்குள் வேகத்தைச் சொல்லிவிடும். கற்றை விரிவது 300 மீட்டருக்குச் சுமார் 90 செ.மீ. தான். உங்கள் தூரத்தில் அரை மீட்டர், நம்பர் பிளேட் அகலம். வழக்கமாகக் குறிவைப்பதும் அதைத்தான், ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். பேருந்தை மறந்துவிடுங்கள்.

கோணமும் உங்களுக்கு உதவாது. ஓரமாக நின்று அளந்தால் வேகம் குறைவாகத்தான் காட்டும், கூடுதலாகக் காட்டாது. கோணம் 10 டிகிரி என்றால் 100 கி.மீ. 98.5 ஆகும். அவர் 4 மீட்டர் தள்ளி நின்றிருந்தால் 164 மீட்டரில் கோணம் ஒன்றரை டிகிரிகூட இல்லை.

பின்சீட்டு:

கை நடுங்கினால்? கற்றை கண்ணாடியில் ஆரம்பித்து பானெட் வழியாக பம்பருக்கு நழுவினால், வண்டி கூடுதலாக முன்னேறியதாகத்தானே கருவி நினைக்கும்?

அளவுகோல்:

நல்ல கேள்வி. 0.3 நொடியில் ஒன்றரை மீட்டர் நழுவினால் வெறும் கணக்குப்படி 18 கி.மீ. கூடிவிடும். அதனால்தான் தூர அளவுகள் சீராக ஒரே கோட்டில் குறைகின்றனவா என்று கருவி சோதிக்கிறது. நடுவில் தாவினால் எண்ணுக்குப் பதில் பிழைதான் காட்டும். அதை நம்பி வழக்காட நான் போகமாட்டேன்.

மெதுவண்டி, கேட்க வேண்டுமானால் இரண்டைக் கேளுங்கள்: கருவியின் அளவுத்திருத்தச் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா, அன்று முன்பே அளந்து வைத்த தூரத்தில் கருவியைச் சரிபார்த்தார்களா, குறிபார்க்கும் புள்ளி ஒரு கம்பத்தில் சரியாக விழுகிறதா என்று பார்த்தார்களா என்ற பதிவு. ஆனால் எனக்குச் சந்தேகம் உங்கள் முள் மேல்தான்.

மெதுவண்டி:

மீட்டர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தானே காட்டும்? நிஜ வேகம் 80க்குக் கீழே அல்லவா இருக்க வேண்டும்?

பழையலாரி:

வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால்! பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 39 படி மீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். நிஜம் 80 என்றால் 92 வரை காட்ட அனுமதி உண்டு. அப்படியும் உங்களுக்குக் குறைந்திருக்கிறது என்றால்… டயர் மாற்றினீர்களா? (மரக்கதையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.)

மெதுவண்டி:

மாற்றினேன். மூன்று மாதம் முன்பு அலாய் வீல் போட்டேன். பழையது 175/65 ஆர் 14. இப்போது 195/65 ஆர் 15. பார்க்க நன்றாக இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார்.

அளவுகோல்:

அடடா. முதல் எண் டயரின் அகலம் மி.மீ.இல், இரண்டாவது பக்கச்சுவர் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம் விட்டம் அங்குலத்தில். கணக்குப் போட்டால் பழைய டயரின் விட்டம் 583 மி.மீ., புதியது 634.5. கிட்டத்தட்ட 9 சதவீதம் பெரிது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் மீட்டருக்குத் தெரியும், ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியாது. 15 அங்குலம்தான் வேண்டுமென்றால் 185/55 போட்டிருந்தால் விட்டம் 584.5, மாற்றமே தெரிந்திருக்காது.

நேரான, காலியான சாலையில் முள்ளை 80இல் நிலையாக வைத்து ஓட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் போனின் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்க்கட்டும், நீங்கள் பார்க்காதீர்கள்.

மெதுவண்டி:

இன்று காலை என் மனைவி பார்த்துச் சொன்னார். மூன்று முறையும் முள் 80, ஜிபிஎஸ் 86. அபராதத்தைக் கட்டிவிட்டேன். டயர் கடைக்கு நாளை போகிறேன்.

இன்னொன்று. டயர் மாற்றியதிலிருந்து மைலேஜ் குறைந்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன். கிலோமீட்டர் கணக்கும் குறைத்துத்தான் ஓடியிருக்கும், இல்லையா?

அளவுகோல்:

ஆமாம். 108 கி.மீ. போனால் 100 என்று எழுதியிருக்கும். அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.