அம்மா நம்பும் வாய்ஸ் நோட்டுகள்: எப்படிப் பேசிப் புரியவைப்பது?

கேள்வி: டர்பன் மகள்

வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் இருக்கிறோம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சமையலறையில் இந்தியர்களுக்கான வானொலி லோட்டஸ் எஃப்எம் ஓடிக்கொண்டே இருக்கும், கையில் போன். சொந்தக்காரர்கள் குழு, கோயில் குழு, தெருக் காவல் குழு எல்லாவற்றிலும் வரும் வாய்ஸ் நோட்டைச் சத்தமாகப் போட்டுக் கேட்பார். கேட்டு முடிப்பதற்குள் அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுவார்.

போன வாரம் ஒன்று வந்தது. "பம்பாயி பக்கமிருந்து கூட்டம் வருகிறது, கேட்டைப் பூட்டுங்கள்" என்று ஓர் ஆண் குரல். பம்பாயி எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் கறுப்பினத்தவர் குடியிருப்பு. பேசுவது யார், எந்த நாள் பேசியது, ஒன்றும் தெரியாது. 2021 ஜூலையில் கலவரமும் கடைச் சூறையும் நடந்தபோது இப்படித்தான் ராத்திரி முழுக்க வந்தன. இந்த வாய்ஸ் நோட்டு வந்த மறுநாள், காய்கறி கொண்டுவரும் ஜூலு இனத்து அம்மாவிடம் என் அம்மா கேட்டைத் திறக்காமலே பேசி அனுப்பிவிட்டார். எத்தனையோ வருஷப் பழக்கம். அந்த அம்மாவின் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன், என்னால் தாங்க முடியவில்லை.

திட்டினால் அம்மா பேச்சையே நிறுத்திவிடுவார். எப்படிச் சொல்வது? இந்தப் பயத்தைக் கொண்டுவந்தது போன்தானா, இல்லை முன்பே இருந்ததா?

பதில்: லெனேசியா தம்பி

அக்கா, முதலில் அந்தச் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று அம்மாவுக்குக் காட்டுங்கள். இருந்தால் பலர் கைமாறி வந்தது என்று அர்த்தம். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும்.

அப்புறம், ஆஃப்ரிக்கா செக் என்று ஜோகன்னஸ்பர்க்கில் 2012 முதல் ஓர் அமைப்பு இருக்கிறது. வதந்திகளைச் சரிபார்த்து, பதிலையும் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாகவே அனுப்பும் ஒரு நிகழ்ச்சியை 2019-இல் தொடங்கினார்கள். எழுத்தாக வந்தால் என் பாட்டி படிக்கமாட்டார், குரலாக வந்தால் உட்கார்ந்து கேட்பார். பொய்ச் செய்தியைப் புகார் செய்ய ரியல்411 தளமும் உண்டு.

பதில்: வெருலம் வாத்தியார்

மகளே, நீங்கள் கடைசியில் கேட்டதற்கு வருகிறேன். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

1949 ஜனவரி 13. டர்பன் விக்டோரியா தெருவில் ஓர் இந்தியர் கடைப் பக்கம் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவன் அடிபட்டான், ரத்தம் வந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் செத்துவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. சாயங்காலம், வேலை விட்டுப் பஸ் ஏறும் நேரம். பஸ்ஸில் ஏறிய பேச்சு ஊர் ஊராக இறங்கியது. கலவரம் அடங்கியபோது 142 பேர் போயிருந்தார்கள், ஆப்பிரிக்கர்கள்தான் அதிகம். அன்று யார் கையிலும் போன் இல்லை. பஸ், கடை, வாடகை என்று ஆப்பிரிக்கர்களுக்கு இந்தியர்கள் மேல் மனக்கசப்பு மட்டும் ஏற்கனவே நிறைய இருந்தது. காய்ந்த புல்லில் விழுந்த தீக்குச்சி மாதிரிதான் அந்தப் பேச்சு.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. 1903-இல் காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' தொடங்கியது, தமிழ்ப் பக்கமும் அதில் இருந்தது. மறு வருஷம் பத்திரிகை இனாண்டாவில் காந்தி அமைத்த பீனிக்ஸ் குடியிருப்புக்கு வந்தது. அதே 1903-இல்தான் ஆப்பிரிக்கத் தலைவர் ஜான் டூபே ஜூலு மொழியில் 'இலாங்கா' பத்திரிகையைத் தொடங்கினார். அவருடைய ஒலாங்கே பள்ளியும் அதே இனாண்டாவில்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பத்திரிகை மனிதர்கள். இவர் வாசகர் அவர் பத்திரிகையைப் பெரும்பாலும் படித்ததில்லை, அவர் வாசகர் இவர் பத்திரிகையைப் பெரும்பாலும் படித்ததில்லை.

நிறவெறி அரசு இந்தப் பிரிவையே சட்டமாகவும் அலைவரிசையாகவும் ஆக்கியது. டிவியே 1976-இல்தான் வந்தது, அதுவரை வேண்டாம் என்றே தடுத்து வைத்திருந்தார்கள். 1982-இல் ஆப்பிரிக்க மொழிகளுக்குத் தனி சேனல், 1983-இல் நமக்கென்று ரேடியோ லோட்டஸ். வேலி போட்ட ஊர்களுக்குள் வேலி போட்ட வானொலி. உங்கள் அம்மா லோட்டஸ் கேட்கிறார், அந்தக் காய்கறி அம்மா அநேகமாக ஜூலு மொழி வானொலியான உகோசி எஃப்எம் கேட்கிறார். ஒரே தெருமுனையில் நடந்ததை இருவரும் வேறு வேறு குரலில் கேட்கிறார்கள். வாட்ஸ்அப் குழு இந்த வேலியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது.

அதனால் போனைப் பிடுங்காதீர்கள். பம்பாயியில் என்ன நடக்கிறது என்று அந்தக் காய்கறி அம்மாவிடமே நேராகக் கேட்கச் சொல்லுங்கள். அவரைவிட நல்ல செய்தியாளர் உங்கள் அம்மாவுக்குக் கிடைக்கமாட்டார்.

பதில்: பீனிக்ஸ்காரன்

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். 2021-இல் எங்கள் தெருவில் நாங்கள் போலீஸைப் பார்க்கவில்லை. ரொட்டி எங்கே கிடைக்கும், எந்தச் சாலை திறந்திருக்கிறது, டயாலிசிஸ் போகிறவரை யார் ஏற்றிப்போவார்கள், எல்லாம் அந்தக் குழுவில்தான் தெரிந்தது. லோட்டஸும் என் அம்மாவுக்குத் துணை, தமிழ்ப் பாட்டு கேட்க வேறு என்ன இருக்கிறது? அதைக் குறை சொல்லாதீர்கள்.

ஆனால் அதே குழுவில் வந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டுத்தான் பையன்கள் கட்டையோடு சாலையை மறித்தார்கள். பீனிக்ஸில் 36 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். வழியோடு போனவர்களும் அதில் உண்டு. அதை நாங்கள் சொல்லாமல் யார் சொல்வது? இப்போது எங்கள் குழுவில் ஒரு விதி: யார் பார்த்தது, எந்த இடம், எத்தனை மணி. மூன்றும் இல்லாவிட்டால் நிர்வாகி அழித்துவிடுவார்.

டர்பன் மகள்

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்ன 1949 அம்மாவுக்கே தெரியும், அவர் அப்பா அந்தக் கலவரம் கடுமையாக நடந்த டர்பன் கேட்டோ மேனரில் இருந்தவர். நேற்று ராத்திரி அதைப் பற்றி முதல்முறையாகப் பேசினார், நான் குறுக்கே பேசவில்லை. பீனிக்ஸ்காரன் அண்ணா, உங்கள் விதியை எங்கள் தெருக் குழு நிர்வாகியிடம் சொல்லப் போகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: நிர்வாகியே ஃபார்வர்ட் செய்தால் அதை யார் அழிப்பது?