காணிக்கை எண்ணுவது பற்றி ஒரு யோசனை வேண்டும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன மாதம் எங்கள் சபைக்குப் பொருளாளர் ஆனேன். ஆராதனை முடிந்ததும் செயலாளர் அண்ணன் காணிக்கைப் பையோடு தனியாக உள்ளறைக்குப் போவார். ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதித் தருவார். அதை நான் நோட்டில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அவர் எடுக்கிறார் என்று சொல்லவில்லை. ஆலயத்தைக் கூட்டுவதுகூட அவர்தான். ஆனால் "ரெண்டு பேர் சேர்ந்து எண்ணலாமே" என்றதும், "தம்பி, என்மேல் சந்தேகமா?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுலே எருசலேமுக்கான தர்மப்பணத்தில் யாரும் குறை சொல்லக்கூடாதென்று தன் உடன் ஊழியர் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பினாரே (2 கொரிந்தியர் 8)!

மூத்தவர் மனம் நோகாமல் உங்கள் சபையில் இதை எப்படிக் கொண்டுவந்தீர்கள்? எண்ணுகிறவர்களை வாராவாரம் மாற்றுகிறீர்களா? இருவர் கையெழுத்துப் போடும் சீட்டு இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது.