ஹைலக்ஸை உயர்த்தினாப் பிறகு பின் பிரேக் பிடிக்குதில்லை

வடமராட்சிப் பெடியன்:
அண்ணைமார், என்ரை பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், எல்என்106 மொடல், மணற்காட்டு மணலுக்கை ஓடுவம் எண்டு ஸ்பிரிங் பிளேட் மாத்தி 2 இஞ்ச் உயர்த்தி 33 இஞ்ச் டயரும் போட்டனான், இப்ப பிரேக் அமத்தினா முன்பக்கம் குத்துது பின்பக்கம் சும்மா வருது. பின்னுக்கும் டிஸ்க் போடவோ?

கிறீஸ்கையன்:
தம்பி, டிஸ்க்குக்குக் காசு கொட்டாதையும். பின் அக்சிலிலை இருந்து மேல வால்வுக்கு ஒரு கம்பி போகுதல்லோ, லோட் சென்சிங் வால்வு, பாரத்தைப் பாத்து பின் பிரேக் பிரஷரைக் கூட்டிக் குறைக்கிறது, வாகனம் உயர்ந்தா அந்தக் கம்பி கீழ இழுபடும், அது லோட் இல்லையெண்டு நினைச்சு பின்னுக்குப் போற பிரஷரைக் குறைச்சுப்போடும். அக்சில் பக்கத்து பிராக்கெட்டையும் அதே 2 இஞ்ச் உயர்த்தி விடும்.

உப்புக்காத்து:
பின் பிரேக்குக்குப் போற றப்பர் ஹோஸையும் பாருங்கோ. ஜாக் அடிச்சு சில்லைத் தொங்கவிட்டுப் பாத்தன், என்ரை ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி நிண்டது! நீளமானது போட்டு பிரேக் லைனுக்கை நிண்ட எயாரை எடுத்தாப் பிறகுதான் நிம்மதி. 33 டயருக்கு எப்பிடியும் கொஞ்சம் கூட அமத்தோணும். கடற்கரையாலை வந்தா வாகனத்துக்குக் கீழ நல்ல தண்ணி அடிச்சுக் கழுவுங்கோ, பிரேக் பைப் எல்லாம் கறள் பிடிச்சிடும்.

வடமராட்சிப் பெடியன்:
இப்பதான் கீழ பூந்து பாத்தனான், கம்பி விறைச்சுப்போய் நிக்குது. நாளைக்குக் கழட்டுறன் அண்ணை.