கால்பந்து ஏஜென்ட் லைசென்ஸ்: 16 வயதுப் பையனிடம் இப்போதே கையெழுத்து வாங்கலாமா?

வலது_விங்:
வணக்கம். சட்டம் படித்து முடித்திருக்கிறேன், இருப்பது சென்னை. ஃபிஃபா லைசென்ஸ் எடுத்து ஏஜென்ட் ஆகும் எண்ணம். இரண்டு பேர் என்னோடு வரத் தயார். ஒருவருக்கு வயது 22, ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கிளப் ஒன்றுடன் ஆண்டுக்கு 40 லட்சம் என்று பேச்சு ஓடுகிறது. இன்னொருவன் 16 வயதுப் பையன், அகாடமியில் ஆடுகிறான். "5 வருஷத்துக்கு இப்பவே எழுதிக்கோங்க" என்கிறார் அவன் அப்பா. தெரிந்தவர் ஒருவரோ, "லைசென்ஸ் எல்லாம் வெறும் பேப்பர், ஆலோசகர்னு போட்டு 10% வாங்கு" என்கிறார். எதில் தொடங்குவது, எவ்வளவு வாங்கலாம்?

நடுவர்_விசில்:
அந்த "ஆலோசகர்" யோசனையை முதலில் தூக்கிப் போடுங்கள். 2015-ல் ஃபிஃபா லைசென்ஸையே எடுத்துவிட்டு, இடைத்தரகராகப் பதிவு செய்தால் போதும் என்றது. உங்கள் நண்பர் இன்னும் அந்தக் காலத்திலேயே இருக்கிறார். 2023 அக்டோபர் 1 முதல், லைசென்ஸ் இல்லாமல் வாடிக்கையாளர் தேடி ஓர் ஆட்டக்காரரை அணுகுவதே விதிமீறல். அதோடு, விண்ணப்பத்துக்கு முந்தைய 24 மாதங்களில் லைசென்ஸ் இல்லாமல் ஏஜென்ட் வேலை பார்த்திருந்தால் தகுதியே போய்விடும். இன்று வாங்கும் 10% நாளைய லைசென்ஸுக்கு வேட்டு வைக்கும்.

தேர்வு: 20 கேள்வி, 60 நிமிடம், தேற 75%. புத்தகம் பார்த்து எழுதலாம் என்பதுதான் பலரைக் கவிழ்க்கிறது. ஒரு கேள்விக்கு 3 நிமிடம்தான். பல நூறு பக்கப் பாடத்தில் அதற்குள் எங்கே தேடுவது? 2023 ஏப்ரலில் நடந்த முதல் தேர்வை எழுதிய 3,800 பேரில் தேறியவர்கள் 52%. கேள்விகள் ஒரு சூழ்நிலையைச் சொல்லி, "இதில் யாருக்கு எவ்வளவு சேர வேண்டும்?" என்ற பாணியில் வரும். ஆட்டக்காரர் தகுதி, இடமாற்றம் பற்றிய விதித்தொகுப்பில் அதிக நேரம் செலவிடுங்கள். பயிற்சி இழப்பீடும் (ஆட்டக்காரரை வளர்த்த கிளப்களுக்குப் புதிய கிளப் தரும் தொகை), இடமாற்றத் தொகையில் 5% பழைய கிளப்களுக்குப் பிரியும் கணக்கும் கை பழக வேண்டும்: 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25%, 16 முதல் 23 வரை 0.5%.

தேறிய பிறகு ஆண்டுக் கட்டணம் 600 டாலர், ஆண்டுக்கு 20 தொடர்கல்விப் புள்ளிகள். எதைத் தவறவிட்டாலும் லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்படும். லைசென்ஸ் உங்கள் பெயருக்குத்தான், கம்பெனிக்கு அல்ல. ஆபீசில் ஆள் வைத்து அவரை ஆட்டக்காரர் வீட்டுக்கு அனுப்பினால், அவருக்கும் லைசென்ஸ் வேண்டும்.

மைதானக்கோடு:
பையன் விஷயத்துக்கு மட்டும் பதில்: இப்போது வேண்டாம். 5 வருடம் எப்போதுமே வேண்டாம், யாருடனும் வேண்டாம். ஆட்டக்காரருடனான பிரதிநிதி ஒப்பந்தத்துக்கு உச்சவரம்பு 2 ஆண்டு.

மைனரை நீங்கள் அணுகவே ஒரு காலக்கெடு உண்டு. அவர் ஆடும் நாட்டில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போட அனுமதிக்கும் வயதை எட்ட 6 மாதம் இருக்கும்போதுதான் அணுகலாம். அதற்கும் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் முன்கூட்டியே வேண்டும். மைனர்களுக்கான தனிப் பயிற்சியையும் நீங்கள் முடித்திருக்க வேண்டும். மீறினால் அபராதம், 2 ஆண்டு வரை லைசென்ஸ் நிறுத்தம். மைனர் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது தவிர, அவர் பெயரில் கட்டணமும் வாங்க முடியாது.

சட்டம் படித்தவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும்: 18 நிரம்பாதவரின் ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது. 1903-ல் மோகரி பீபி வழக்கிலேயே முடிந்துபோன சங்கதி. பையன் பெரிய ஆளானதும் எழுந்து போனால் கையில் வெறும் காகிதம்தான் மிஞ்சும்.

அவன் அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள். "ஸ்பெயினில் டிரயல், விசாவுக்கு இத்தனை லட்சம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே வெளிநாட்டு இடமாற்றம் பொதுவாகத் தடை. விதிவிலக்குகள் குறைவு, பெற்றோர் கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபெயர்வது அவற்றில் ஒன்று.

கணக்குப்பிள்ளை_9:
பணக் கணக்கு. ஃபிஃபா எழுதிய வரம்பு: ஆட்டக்காரரின் ஆண்டு வருமானத்தில் 2 லட்சம் டாலர் வரை 5%, அதற்கு மேலுள்ள பகுதிக்கு 3%. ஆட்டக்காரர், அவரை எடுக்கும் கிளப் என இரு தரப்புக்கும் ஒரே ஏஜென்ட் என்றால் 10%, 6%. உங்கள் நண்பர் சொல்லும் 10% இங்கிருந்து வந்திருக்கலாம். அதற்கு இரு தரப்பும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். விற்கும் கிளப்புக்கும் ஆட்டக்காரருக்கும் சேர்த்து வேலை பார்க்க இடமில்லை.

ஆனால் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நீதிமன்றத் தடையைத் தொடர்ந்து 2023 டிசம்பர் 30 அன்று இந்த வரம்பையும், இரட்டைப் பிரதிநிதித்துவம், யார் எப்போது பணம் தருவது போன்ற விதிகளையும் ஃபிஃபா உலகளவில் நிறுத்தி வைத்தது. லைசென்ஸும் மைனர் விதிகளும் அந்தப் பட்டியலில் இல்லை. ஒப்பந்தம் எழுதும் வாரத்தில் ஏ.ஐ.எஃப்.எஃப். (அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம்) எதை அமல்படுத்துகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

40 லட்சத்துக்கு 5% என்றால் ஆண்டுக்கு 2 லட்சம், காலாண்டுக்கு 50,000. சம்பளத்தோடு கையெழுத்துத் தொகை, போனஸ் எல்லாம் கணக்கில் சேரும். வீடு, கார் சேராது. ஒருவரை வைத்து ஆபீஸ் வாடகைகூடத் தேறாது என்பது புரிந்திருக்கும்.

ஆட்டக்காரருக்குச் சம்பளம் வந்தால்தான் உங்களுக்கும் வரும் என்று எழுதுவதே நேர்மை. ஆனால் அதில் அடியும் உண்டு. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்தி வைக்கப்பட்டதும் சில கிளப்கள் சம்பளத்தையே நிறுத்தின. இரண்டு மாதச் சம்பளம் நின்றால், குறைந்தது 15 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் அனுப்பி ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறிக்கலாம். அந்த நோட்டீஸைத் தேதி பிசகாமல் அனுப்புவதுதான் ஏஜென்டின் உண்மையான வேலை, பேரம் பேசுவதைவிட.

வலது_விங்:
நன்றி. பையனை விட்டுவிடுகிறேன். 22 வயதுக்காரரிடம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேறு ஏஜென்டிடம் போகுமுன் என்னிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்று ஒரு பிரிவு போடலாமா?

மைதானக்கோடு:
போடலாம், நிற்காது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானோடு பெர்செப்ட் டி'மார்க் என்ற ஏஜென்ட் நிறுவனம் போட்ட ஒப்பந்தத்தில் கிட்டத்தட்ட இதே பிரிவு இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அவரைக் கட்டிப்போடுவது, ஒப்பந்தச் சட்டம் 27-ம் பிரிவின்படி தொழிலுக்குத் தடை, செல்லாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டால் அபராதம்" என்றும் எழுதாதீர்கள். ஆட்டக்காரர் தானே பேசி ஒப்பந்தம் போடும் உரிமையைத் தடுக்கும் பிரிவை ஃபிஃபா விதியே செல்லாததாக்குகிறது.

நடுவர்_விசில்:
அதற்குப் பதில் காலண்டரைக் கவனியுங்கள். பிரத்தியேக ஒப்பந்தம் இருக்கும்வரை மற்ற ஏஜென்டுகள் அவரை அணுகக் கூடாது. கடைசி 2 மாதங்களில் அந்தத் தடை விலகும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பிரிவுக்கு இடமில்லை, புதிதாகக் கையெழுத்து வேண்டும். ஆகவே 22-வது மாதத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். கையெழுத்தானதும் 14 நாளுக்குள் ஃபிஃபா தளத்தில் பதிவேற்றுங்கள்.