வெளிநாட்டில் தொண்டு செய்யப் போய்த் தங்கிய வீடு: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு நாள்

மலைச்சாரல்:
2015 கடைசி. நேபாளம், பக்தபூர். நிலநடுக்கம் வந்து ஏழு மாதம். பள்ளிக்குத் தகரக் கொட்டகை போடும் வேலை, தங்கியது ஒரு நேவார் (காத்மாண்டு பள்ளத்தாக்கின் பூர்வகுடி மக்கள்) குடும்பத்தோடு. எல்லைப் பிரச்சினை ஞாபகம் இருக்கும். இந்தியப் பக்கம் எல்லை ஊரான ரக்சௌலில் நேபாளம் போகும் லாரிகள் நின்றுவிட்டன, இந்தியாதான் தடுக்கிறது என்று அங்கே கோபம். கேஸ் சிலிண்டர் கிடையாது. ஆமா (அங்கே அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) முற்றத்தில் செங்கல் அடுக்கி விறகில் சமைத்தார். விறகு என்றால், ஏப்ரலில் இடிந்த அவர்கள் வீட்டுக் கட்டைகள்தான். உத்தரம், படி எல்லாம் தீர்ந்து, ஒருநாள் காலையில் ஜன்னல் சட்டத்தை எடுத்தார். பூவேலை செய்த சட்டம். கையால் மண்ணைத் துடைத்தார், கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார், அப்புறம் அடுப்பில் செருகினார். அந்தச் சோற்றை முதலில் எனக்குத்தான் போட்டார். நான் இந்தியன். எல்லையைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாம்.

கடலோரன்:
தான்சானியா, மோஷி. சுவாஹிலியில் மணி எண்ணுவது விடிந்ததிலிருந்துதான், காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று. எனக்கு அது தெரியும், ஆனால் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமை 'நானே'வுக்குச் சாப்பிட வா என்றார் பீபி, அந்த வீட்டுப் பாட்டி. நானே என்றால் எட்டு. இரவு எட்டு என்று நினைத்து ஊர் சுற்றிவிட்டுப் போனேன். அவர் சொன்னது பகல் இரண்டு மணி. பிலாவ் தட்டு மூடியபடி இருந்தது, பக்கத்தில் அவருடைய தட்டும் மூடியபடி. ஆறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். "ஷிகமோ" என்றேன், பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம் அது. எப்போதும்போல "மரஹபா" என்று பதில் வணக்கம் சொல்லிவிட்டுச் சுடவைக்க எழுந்தார்.

நெல்வயல்:
மலைச்சாரல், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கேஸ் இல்லாத வீட்டில் கூடுதலாக இருந்த ஒரு வயிறு உங்களுடையது. அப்போதே வேறு இடம் பார்த்திருக்க வேண்டும். நான் கம்போடியாவில் சியெம் ரீப் பக்கம் ஒரு மாதம் இருந்தேன். வீட்டுக்காரர் தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுச் சமையலறைத் தரையில் படுத்தது பதினோராம் நாள்தான் தெரிந்தது. போகப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் கட்டும் பணத்தில் வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்று ஏற்பாடு செய்கிறவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் போகாதீர்கள். முதல் நாளே யார் எங்கே படுக்கிறார்கள் என்று பாருங்கள். பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்காதீர்கள். வாரம் ஒருமுறை அரிசி, எண்ணெய், முட்டை வாங்கிப் போடுங்கள். பாத்திரம் கழுவப் போனால் தடுப்பார்கள், இரண்டாம் முறையும் போங்கள். வேலை அநாதை இல்லத்தில் என்றால் வேண்டவே வேண்டாம். கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் வந்துகொண்டே இருப்பதால்தான் பிள்ளைகளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

மலைச்சாரல்:
நெல்வயல், பணம் கொடுத்தேன், அரிசியும் வாங்கிப் போட்டேன். வேறு இடம் போகிறேன் என்று சொல்லியும் பார்த்தேன். ஆமா என் பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பிப்ரவரியில் லாரிகள் ஓட ஆரம்பித்ததும் ஊரிலிருந்து போன் பண்ணினேன். சிலிண்டர் வந்ததா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். அவர் எடுத்தவுடன் "பாத் காயௌ?" என்றார். சோறு சாப்பிட்டாயா என்று. நான் ஆச்சு என்றேன். சிலிண்டரைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.