ஊர் பெரிதானால் வேலை பெருகுமா: சென்னை, கோவை, மதுரை, திருப்பூர்

கூவம்கரை:

புதிய ஆலைகளுக்கான சலுகைகளைத் தென் மாவட்டங்களுக்குக் கூடுதலாக ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை. துறைமுகமும் விமான நிலையமும் பொறியியல் கல்லூரிகளும் உதிரிபாகப் பட்டறைகளும் ஒரே இடத்தில் திரண்டிருந்ததால்தான், 1998-இல் ஹூண்டாய் கார்கள் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவரத் தொடங்கின. 2001-க்கும் 2011-க்கும் இடையே சென்னை நகரத் தொகுப்பின் (நகரமும் அதை ஒட்டி வளர்ந்த ஊர்களும் சேர்ந்தது) மக்கள்தொகை சுமார் 65.6 லட்சத்திலிருந்து 86.5 லட்சமாக உயர்ந்தது. மதுரையில் கூடியவர்களோ இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல்தான். மக்கள் தங்கள் விருப்பத்தைக் காலால் நடந்து காட்டிய பிறகு, அரசு எதிர்த்திசையில் பணம் செலவிடுவது ஏன்?

நொய்யல்:

ஐயா, எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டால் பெரிய ஊர்தான் எப்போதும் வெல்லும். 65 லட்சம் பேர் வாழும் இடத்தில் பிறக்கும் குழந்தைகளே லட்சக்கணக்கில் இருப்பார்கள், அவர்கள் யாரும் வேலை தேடி நடந்து வந்தவர்கள் அல்லர். விகிதத்தைப் பாருங்கள். அதே பத்தாண்டில் சென்னைத் தொகுப்பு ஏறத்தாழ 32 விழுக்காடு வளர்ந்தது, கோவை 47, மதுரை 22, திருச்சி 18. இந்த ஐந்தில் 2001-இல் மிகச் சிறியதாக, ஐந்தரை லட்சம் பேருடன் இருந்த திருப்பூர் 75 விழுக்காடு வளர்ந்தது. இந்த வரிசையில் அளவுக்கும் வளர்ச்சிக்கும் ஒழுங்கான உறவு எதையும் நான் காணவில்லை.

திருப்பூரின் இரகசியம் அதன் பின்னலாடைத் தொழிலில் வேலை பிரிந்து கிடந்த விதத்தில் இருந்தது. நூல் வாங்குபவர் ஒருவர், துணி பின்னுபவர் வேறொருவர், சாயமேற்றுபவரும் வெட்டித் தைப்பவரும் பிரிண்டிங் செய்பவரும் தனித்தனி ஆட்கள் என்று ஜாப் ஒர்க் முறையில் தொழில் நடந்ததால், நான்கு பவர் டேபிள்களை (மின் தையல் இயந்திரங்களை) வாடகை இடத்தில் போட்டவர்கூட முதலாளி ஆக முடிந்தது. வேலைக்குப் பின்னால்தான் ஆட்கள் வந்தார்கள்.

வைகைவாசி:

இருவரும் ‘சென்னை’ என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்துவது நல்லது. அன்றைய சென்னை மாவட்டத்தை மட்டும் எடுத்தால், 2001-இல் 43.4 லட்சமாக இருந்தது 2011-இல் 46.5 லட்சம் ஆனது, அதாவது வெறும் 7 விழுக்காடு. தமிழ்நாட்டின் சராசரியான 15.6-இல் பாதிகூட இல்லை. அதே காலத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் சுமார் 39 விழுக்காடும் திருவள்ளூர் 35 விழுக்காடும் வளர்ந்தன. மாநகராட்சி எல்லையே 2011-இல் ஏறத்தாழ 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. எல்லைக்கோட்டை நகர்த்தினால் ஒரே இரவில் நகரம் வளர்ந்துவிடும். வேலை ஒன்றுகூடக் கூடியிருக்காது. கோவைத் தொகுப்பின் 47 விழுக்காட்டிலும் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஊர்களின் பங்கு உண்டு என்பதை நொய்யல் அவர்கள் மறந்துவிட வேண்டாம்.

கூவம்கரை:

நீங்கள் தரும் கணக்கு என் வாதத்துக்கே துணை நிற்கிறது. இருங்காட்டுக்கோட்டையும் ஸ்ரீபெரும்புதூரும் காகிதத்தில் காஞ்சிபுரமாக இருந்தாலும், சென்னை அருகில் இல்லாமல் அவை எழுந்திருக்குமா? ஓசூருக்கும் அரசின் சிப்காட் தொழிற்பேட்டைச் சலுகை மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. நாற்பது கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரு இருந்தது.

விகிதத்தில் நான் தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரியில் சாயக்கழிவு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது திருப்பூரே திணறிப்போனது. ஒரே தொழிலை நம்பிய ஊரில், ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த தெருவில் கேட்டுப் போக வேறு வேலை இருக்காது. பெருநகரம் தருவது வேகத்தை அல்ல, விழுந்தால் தாங்கும் மெத்தையை.

நொய்யல்:

சாயப்பட்டறை பற்றிச் சொன்னது உண்மை; மறுக்க மாட்டேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதற்கு அடுத்த மாதமே நடந்ததால், ஊரைவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பது அந்த 75 விழுக்காட்டில் முழுமையாகத் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் மெத்தை எல்லோருக்கும் விரிக்கப்படுவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா கைபேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, அங்கே வேலை செய்தவர்களில் பலர் பிற மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருந்த இளம்பெண்கள். ஒரு தொழிலில் மட்டும் பழகிய கைக்கு, தரமணியின் கணினி நிறுவனங்கள் பக்கத்தில் இருந்தும் என்ன பயன்?

வைகைவாசி:

கோவையையும் மதுரையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1981-இல் இரண்டு நகரத் தொகுப்புகளிலும் ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர்தான் இருந்தார்கள். 2011-இல் கோவை 21.5 லட்சம், மதுரை 14.6 லட்சம். எல்லை விரிவுக்கு எவ்வளவு கழித்தாலும் இடைவெளி மறையாது.

என் கணிப்பு இது. மதுரைக்கு ஹார்வி மில் என்ற பஞ்சாலை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டது, ஆனால் அது ஒரே நிறுவனத்தின் பெரிய ஆலை. கோவையில் 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தபின் பல குடும்பங்கள் பல பஞ்சாலைகளை எழுப்பின. அவற்றின் இயந்திரங்களுக்கு வேலை செய்த பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் பம்பும் மோட்டாரும் செய்யும் தொழிலுக்குத் துணையாயின. (இதைச் சொல்வதற்கு மதுரைக்காரனான எனக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை.) மதுரை அருகே கப்பலூரில் சிறுதொழில்களுக்கான சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது, அங்கு இடம் தருவதோடு, ஒரு பட்டறை இன்னொன்றைப் பெற்றெடுக்கும் அந்தத் தொடர்ச்சிக்கு வழி செய்ய வேண்டும் என்பதற்காகவே நாங்கள் சலுகை கேட்கிறோம்.

மதுரையின் குறை அதன் அளவுதான் என்றால், 1981-இல் அதே அளவில் இருந்த கோவைக்கு அந்தக் குறை ஏன் தடையாகவில்லை என்பதைக் கூவம்கரை அவர்கள் விளக்க வேண்டும்.